அளவுநாடாவுக்குப் பின் பணப்பை: பழைய பொருள்களால் ஒரு வாடகை வீட்டை ஒழுங்குபடுத்திய 11 மாதங்கள்

இந்த ஆய்வு ஒரே ஒரு வீட்டைப் பற்றியது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், 62 சதுர மீட்டர் பரப்பில், இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமும் ஒரு சமையலறையும் கொண்ட அந்த வாடகை வீட்டில் நானும் என் மனைவியும், 9 வயது மகளும் 4 வயது மகனும், என் தாயாருமாக ஐந்து பேர் வசிக்கிறோம். என் ஒரு மாதச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதித் தொகையை மட்டும் இதற்கென ஒதுக்கி, 11 மாத காலத்தில், பெரும்பாலும் பிறர் பயன்படுத்திவிட்டு விற்ற பொருள்களைக் கொண்டே வீட்டை மாற்றியமைத்தோம். வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் என் மனைவி ஒரு நோட்டில் ஐந்து விவரங்களை எழுதிவந்தார்: கொடுத்த விலை, ஏற்றி இறக்கிய கூலி, பழுதுபார்க்க ஆன செலவு, அதற்காக நாங்கள் உழைத்த மணிநேரம், கடைசிப் பொருள் வந்து ஆறு மாதம் ஆனபின் அது எந்த நிலையில் இருக்கிறது என்பது. கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

வாங்கியவை மொத்தம் 31 பொருள்கள். அவற்றில் 22 இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. 5 பொருள்களை மீண்டும் விற்றோம், 2 பொருள்களைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தோம், 2 பொருள்களைக் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் விஷயம் தெளிவாகிறது. தொடக்க மாதத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆவலில் வாங்கிய 7 பொருள்களில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. அதன்பின் அளவெடுத்துப் பட்டியல் போட்டு வாங்கிய 24 பொருள்களில் 20 நிலைத்துவிட்டன. முன்னவற்றையும் பின்னவற்றையும் அதே கண்கள்தான் தேர்ந்தெடுத்தன, பேரம் பேசியதும் அதே ஆட்கள்தான். இடையில் நடந்தது என்ன என்பதே இந்த ஆய்வின் மையம்.

தொடங்கியபோது இருந்த நிலை

எங்கள் முறையீடு எல்லா வீடுகளிலும் கேட்கக்கூடியதுதான்: இடம் போதவில்லை. வாசற்கதவு முழுவதும் திறக்காது, ஏனெனில் அதன் பின்னால் செருப்புகள் குவிந்திருக்கும். சாப்பாட்டு மேசையின் பாதிப் பரப்பை மகளின் பாடப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். படுக்கையறையில் மடித்த துணிகள் ஒரு நாற்காலியின் மீது நிரந்தரமாகக் குடியிருந்தன. என் தாயார் இரவில் எழுந்து நடக்கும்போது காலில் இடறாத பாதை என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. இன்னும் இரண்டு பெரிய அலமாரிகள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். அந்த நம்பிக்கையோடுதான் அந்த 7 பொருள்களும் வீட்டுக்கு வந்தன. வந்ததும் வீடு மேலும் நெருக்கடியானது. அதன்பிறகு வாங்குவதை ஆறு வாரங்கள் முழுமையாக நிறுத்தினோம்.

அந்த ஆறு வாரங்களில் செய்த முதல் வேலை, வீட்டிலுள்ள பொருள்களை அறைவாரியாகப் பார்க்காமல் வகைவாரியாக ஓரிடத்தில் குவித்துப் பார்த்தது. துணிகள் அனைத்தும் ஒரு நாள், காகிதங்களும் புத்தகங்களும் ஒரு நாள், பொம்மைகள் ஒரு நாள், கருவிகளும் மின்கம்பிகளும் ஒரு நாள் என்று எடுத்து வைத்தபோது, மூன்று அறைகளில் பிரிந்து கிடந்ததால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த உண்மைகள் தெரிந்தன. எங்களிடம் நான்கு கத்தரிக்கோல்கள் இருந்தன. தேவைப்படும்போது ஒன்றும் அகப்படாததால் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியிருக்கிறோம். ஓராண்டில் ஒருமுறைகூடத் தொடாதவற்றை விலக்கியபோது மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெளியேறியது. அவற்றில் விற்கத் தகுந்தவற்றை விற்றுக் கிடைத்த பணத்தை இதே நிதியில் சேர்த்தோம்.

இரண்டாவதாகத் தெரியவந்த உண்மைதான் பிற்பாடு நாங்கள் எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. எங்களிடம் ஏற்கெனவே இருந்த அலமாரிகளின் ஆழம் 60 சென்டிமீட்டர். கோட்டுத்தாங்கியில் தொங்கவிடும் உடைகளுக்கு மட்டுமே அவ்வளவு ஆழம் தேவை. வெளியே சிதறிக் கிடந்தவையோ புத்தகங்கள், காகிதக் கோப்புகள், செருப்புகள், மடித்த துணிகள், பொம்மைகள்; இவற்றுக்கு 30 முதல் 35 சென்டிமீட்டர் ஆழம் தாராளம். 60 சென்டிமீட்டர் தட்டில் இவற்றை வைத்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை உருவாகிறது. பின்வரிசைக்குப் போன பொருள் மறக்கப்படுகிறது. மறக்கப்பட்டதால் மீண்டும் வாங்கப்படுகிறது. ஆக, எங்களுக்குக் குறைவாக இருந்தது ஆழமற்ற இடம். நாங்கள் வாங்கத் துடித்த இரண்டு பெரிய அலமாரிகளும் வந்திருந்தால் பிரச்சினையை இரட்டிப்பாக்கியிருக்கும்.

பொருளின் பெயர் இல்லாத பட்டியல்

இதிலிருந்து நாங்கள் தயாரித்த பட்டியலில் பொருள்களின் பெயர்களே இல்லை. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: “கூடம், சன்னலுக்கு எதிர்ச்சுவர். அகலம் 140 வரை, ஆழம் 32க்குள், உயரம் 90க்குள். மகளின் புத்தகங்கள், மகனின் பொம்மைகள், வீட்டுக் காகிதங்கள் உள்ளே போக வேண்டும். கீழிரண்டு தட்டுகள் 4 வயதுக் கைக்கு எட்ட வேண்டும்.” புத்தக அலமாரி என்று எழுதியிருந்தால் புத்தக அலமாரியை மட்டுமே தேடியிருப்போம். அளவையும் வேலையையும் எழுதியதால், ஒரு மூடப்பட்ட துணிக்கடையில் சட்டைகளை அடுக்கி வைத்திருந்த தாழ்வான மரத்தட்டு ஒன்று கண்ணில் பட்டபோது அதுதான் நாங்கள் தேடியது என்பது உடனே தெரிந்தது. வீட்டுச் சாமான்களைத் தேடுவோர் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ஆகவே விலையும் குறைவு. பழைய பொருள்களின் சந்தையில் பெயர் தெரிந்த பொருளுக்குப் போட்டி அதிகம். அளவு தெரிந்து தேடுபவருக்கு அந்தப் போட்டி இல்லாத பகுதி முழுவதும் திறந்து கிடக்கிறது.

ஒவ்வோர் இடத்துக்கும் உத்தேச அளவில் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து மூன்று நாட்கள் விட்டுவைத்தோம். அந்தத் தாளை மிதிக்காமல் எல்லோரும் நடமாட முடிகிறதா என்பதே சோதனை. ஆட்கள் நடக்கும் முக்கியப் பாதைக்கு 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும் என்பதும், உட்காரும் இருக்கைக்கும் அதன் முன்னுள்ள தாழ்மேசைக்கும் இடையே 40 முதல் 45 சென்டிமீட்டர் இருந்தால்தான் கால் நீட்டவும் கைநீட்டிப் பொருளை எடுக்கவும் முடியும் என்பதும் வீட்டு அலங்காரம் பற்றிய கையேடுகளில் பொதுவாகச் சொல்லப்படுபவை. எங்கள் தாள்களும் அதையே மெய்ப்பித்தன. என் தாயார் இரவில் நடக்கும் வழியில் விரித்திருந்த தாள் முதல் நாளிலேயே கிழிந்துவிட்டது. அங்கே எதுவும் வைப்பதில்லை என்று அன்றே முடிவானது. கதவு திறக்கும் வளைவு, இழுப்பறை முழுவதும் வெளியே வரும்போது பிடிக்கும் இடம், சுவரிலுள்ள மின்செருகிகள், சுவரடிப் பட்டையின் தடிமன் ஆகிய நான்கையும் அந்தத் தாள்களில் பேனாவால் குறித்துவைத்தோம். ஒரு பொருளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நோட்டும் அளவுநாடாவும் உடன் வந்தன.

படியேறாத அலமாரி

இவ்வளவு செய்தும் மிகப் பெரிய இழப்பு பட்டியலுக்குப் பிறகுதான் ஏற்பட்டது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். தொங்கவிடும் உடைகளுக்காக 190 உயரமும் 120 அகலமும் 58 ஆழமும் கொண்ட ஒரு முழுமர அலமாரியை வாங்கினோம். படுக்கையறைச் சுவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு திரும்பும் மேடையில் அது திரும்பவில்லை. சாய்த்தும் நிமிர்த்தியும் ஏறக்குறைய ஒரு மணிநேரம் முயன்றபின், அதைச் சுமந்தவர்களில் ஒருவரின் விரல் நசுங்கும் நிலை வந்ததும் நிறுத்தினோம். இரண்டு இரவுகள் அது தரைத்தளத்து நடைவழியில் நின்றது. ஏற்றிய கூலி, இறக்கிய கூலி, திரும்பக் கொண்டுபோன கூலி ஆகிய மூன்றையும் கொடுத்து, வாங்கியதைவிடக் குறைந்த விலைக்கு விற்றோம்.

அன்றிலிருந்து பட்டியலின் முதல் பக்கத்தில் பாதையின் அளவுகள் இடம்பிடித்தன: மிகக் குறுகலான கதவின் அகலம், படிமேடையின் நீள அகலம், அந்த மேடைக்கு மேலுள்ள கூரையின் உயரம். கூடவே, விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது பிரித்துப் பூட்டக்கூடியதா? பழங்காலப் பெரிய அலமாரிகளில் பலவற்றின் மேல்முடி, பக்கப் பலகைகள், அடிப்பீடம் ஆகியவை ஆப்புகளாலோ நீண்ட திருகாணிகளாலோ மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றைச் செய்தவர்களுக்கும் படிக்கட்டுகளைப் பற்றிய கவலை இருந்திருக்கிறது. பின்னர் நாங்கள் வாங்கிய அலமாரி அப்படிப்பட்டதுதான். ஏழு துண்டுகளாக மேலே வந்தது. பிரிக்கும்போது ஒவ்வொரு மூட்டிலும் பென்சிலால் எண்ணிட்டுப் படம் எடுத்துவைத்ததால் இரண்டு மணிநேரத்தில் பூட்டிவிட முடிந்தது.

வேண்டாம் என்று திரும்பியவை

நோட்டில் வாங்காமல் திரும்பியவற்றுக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் 19 வரிகள். அவற்றில் என் நினைவில் ஆழமாக நிற்பது ஒரு மூவர் சோபா. நல்ல சட்டகம், துணியில் கிழிசல் இல்லை, விலையும் எங்கள் நிதிக்குள் இருந்தது. மெத்தையைத் தூக்கித் தையலோரத்தைக் கைவிளக்கால் பார்த்தபோது பேனா மையைத் தொட்டு வைத்தாற்போல் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. அவை மூட்டைப்பூச்சியின் எச்சம். வளர்ந்த மூட்டைப்பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர்தான். தட்டையான உடல் என்பதால் தையல் மடிப்பிலும் ஆணித்துளையிலும்கூட ஒடுங்கிவிடும். இரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே, பொருள் நெடுநாள் காலியாகக் கிடந்தது என்று விற்பவர் சொல்வது பாதுகாப்புக்கு உத்தரவாதமாகாது. துவைத்து 60 டிகிரி செல்சியசில் உலர்த்தக்கூடிய திரைச்சீலை போன்றவற்றைத் தயங்காமல் வாங்கினோம். அந்த வெப்பம் பூச்சியையும் முட்டையையும் கொல்லும். பஞ்சோ ஸ்பாஞ்சோ திணித்த மெத்தை, தலையணை, சோபா ஆகியவற்றை வீட்டில் யாரும் அந்த வெப்பத்துக்கு முழுவதுமாகக் கொண்டுவர முடியாது. அன்று முதல் அவற்றைப் பழையதாக வாங்குவதில்லை என்று விதி வகுத்தோம். பணம் குறைவாக உள்ள குடும்பத்துக்கு இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்றே கருதுகிறேன். ஒரு வீட்டிலிருந்து மூட்டைப்பூச்சியை ஒழிக்க ஆகும் செலவு எங்கள் மொத்த நிதியையும் விழுங்கியிருக்கும்.

மரத்துக்கு வேறு சோதனை. 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளைகள் தென்பட்டால் மரத்தை அரிக்கும் வண்டு வெளியேறியிருக்கிறது என்று பொருள். துளையின் ஓரம் கறுத்துத் தூசி படிந்திருந்தால் அது பழங்கதையாக இருக்கலாம். ஓரம் வெளிறி, தட்டினால் மாவுபோலத் தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது. ஐயத்துக்குரிய ஒரு நாற்காலியைக் கறுப்புக் காகிதத்தின் மேல் நிறுத்தி ஒரு மாதம் வெளிமாடத்தில் வைத்திருந்தோம். தூள் விழவில்லை. ஆனால் இந்த வண்டின் புழு மரத்துக்குள்ளேயே சில ஆண்டுகள் தங்கக்கூடியது என்பதால் ஒரு மாதச் சோதனை முழுச் சான்றாகாது. அந்த நாற்காலியை இன்றும் மற்ற மரச்சாமான்களை ஒட்டாமல் வைத்துக் கண்காணிக்கிறோம்.

குழந்தைகள் அறைக்கெனப் பார்த்த வெள்ளை வண்ணம் பூசிய அழகான சிறு அலமாரி ஒன்றையும் விட்டுவிட்டோம். அதன் பூச்சு பல அடுக்குகளாக உரிந்துகொண்டிருந்தது. எப்போது பூசப்பட்டது என்பது யாருக்கும் தெரியவில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கான ஈயம் கலந்த வண்ணத்தை அமெரிக்கா 1978இல் தடைசெய்தது; வேறு பல நாடுகளில் கட்டுப்பாடு அதற்குப் பிந்தியே வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்; அத்தகைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால் கிளம்பும் தூசு, பூச்சு சும்மா இருப்பதைவிடத் தீங்கானது. எந்தக் காலத்துப் பூச்சு என்று தெரியாத பொருளை வாயில் கைவைக்கும் வயதுள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை என்பது என் மனைவி எடுத்த முடிவு. அது சரியான முடிவு.

முழுமரமா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையா என்பதைப் பொருளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடியையும் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். மேற்பரப்பின் மரவரி விளிம்பில் திரும்பி முனைவரியாக, அதாவது மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில் தெரியும் வரியாக, தொடர்ந்தால் அது முழுமரம்; விளிம்பில் ஒட்டிய பட்டை தெரிந்தால் பலகை. இழுப்பறையின் முன்மூலையில் புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் அது பல ஆண்டுகள் இழுக்கப்பட்டாலும் விலகாத மூட்டு. தூள்பலகையால் செய்தவற்றை நாங்கள் முற்றிலும் ஒதுக்கவில்லை. அதிலுள்ள பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு காலப்போக்கில் குறைவதால் அந்த ஒரு வகையில் பழையதே நல்லது. ஆனால் ஒருமுறை நீர் பட்டு உப்பிய அடிப்பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது; ஒருமுறை கழற்றிய திருகாணித் துளை மறுமுறை அதே இறுக்கத்தைத் தராது. எனவே பிரிக்காமலே கொண்டுவரக்கூடிய சிறியவற்றை மட்டும் அந்த வகையில் வாங்கினோம். கழித்துக்கட்டிய இரண்டு பொருள்களும் முதல் மாதத்தில் பிரித்து ஏற்றிவந்த தூள்பலகை அலமாரிகளே.

ஆறு இழுப்பறைகளும் பதினான்கு மணிநேரமும்

அதிக உழைப்பைக் கேட்டது, குழந்தைகளின் துணிகளுக்காக வாங்கிய ஆறு இழுப்பறைகள் கொண்ட அலமாரி. இரண்டு இழுப்பறைகள் சிக்கிக்கொண்டிருந்தன, ஒரு கைப்பிடி இல்லை, உள்ளே புழுங்கிய வாடை. நான்கு வார இறுதிகளில் மொத்தம் 14 மணிநேரம் அதற்காகச் செலவானது.

இழுப்பறை சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் அது நகரும் பட்டை தேய்ந்து குழிவதுதான். ஒன்றுக்கு மெழுகுவர்த்தியைப் பட்டையில் தேய்த்ததே போதுமானதாக இருந்தது. மற்றொன்றின் பட்டையைக் கழற்றிப் புதிய மரத்துண்டு ஒட்டி 24 மணிநேரம் பிடிப்பானில் இறுக்கி வைத்தோம். தளர்ந்த திருகாணித் துளைகளில் மரப்பசை தடவிய பல்குத்தும் குச்சிகளை நிரப்பி, காய்ந்தபின் அதே திருகாணியை ஏற்றினோம். வாடைக்கு முதலில் சோப்புநீரில் பிழிந்த துணியால் துடைத்து, இழுப்பறைகளை நான்கு நாட்கள் காற்றிலும் வெயிலிலும் வைத்தோம். மீதியிருந்த வாடை, உட்புறத்தில் ஷெல்லாக் எனப்படும் அரக்கு மெருகை இருமுறை பூசியதும் அடங்கியது. அரக்கு, மரத்திலுள்ள வாடையையும் கறையையும் மேலே வராமல் மூடிவிடும் தன்மை கொண்டது.

மேற்பரப்பில் நான் ஒரு தவறு செய்தேன். அது முழுமரம் என்று நினைத்து 120 எண் உப்புத்தாளில் தொடங்கினேன் (எண் குறையக் குறையத் தாளின் சொரசொரப்பு அதிகம்). உண்மையில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகை. ஒரு மூலையில் தோல் தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிட்டது. உடனே நிறுத்தி, மற்ற இடங்களைக் கையால் 180இலும் பின்னர் 220இலும் மட்டும் மென்மையாகத் தேய்த்து, அந்த மூலைக்குச் சற்று அடர்ந்த நிறம் கொடுத்து முடித்தேன். அது இன்னும் தெரிகிறது. தேய்க்கத் தொடங்குமுன் விளிம்பை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

கடைசிப் பூச்சாக ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்தினோம். அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால், காற்றோடு சேர்ந்து காயும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். ஒவ்வொரு நாளும் துணிகளை வெளியே விரித்து உலர்த்தி, பிறகே குப்பையில் சேர்த்தோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம், பழைய மரச்சாமானை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் பலருக்கு இந்த ஆபத்து தெரிந்திருப்பதில்லை.

அலமாரி இடத்துக்கு வந்ததும் அதைச் சுவரோடு இரண்டு இரும்புக் கோணங்களால் பிணைத்தோம். வாடகை வீடு என்பதால் வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றோம். காலியாகும்போது துளைகளை அடைத்து வண்ணம் பூசித் தருவதாக ஒப்புக்கொண்டதும் அவர் மறுக்கவில்லை. இரண்டு மூன்று இழுப்பறைகள் ஒரேநேரத்தில் திறந்திருக்கையில் ஒரு குழந்தை அவற்றைப் படிகளாக்கி ஏறினால், பளுவின் மையம் முன்னால் வந்து அலமாரியே குழந்தையின்மேல் சாயும். பழைய அலமாரிகளுடன் சுவர்ப்பிணைப்பு வருவதில்லை. அதைப் புதிதாக வாங்க வேண்டும், எந்த நிதியிலும் அதற்கு முதலிடம் தர வேண்டும்.

ஒன்றோடொன்று பொருந்தாதவை ஒரே வீட்டில்

வெவ்வேறு வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வந்த பொருள்கள் ஒரே கூடத்தில் நின்றபோது, முதல் சில வாரங்கள் அது ஏலக்கூடம்போலத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் வெள்ளை வண்ணம் பூசிவிடலாம் என்று நான் சொன்னேன். என் மனைவி மறுத்தார். நல்ல மரத்தை மூடுவது திருப்பிப் பெற முடியாத செயல் என்பது அவர் வாதம். அவர் முன்வைத்த வழி எளியது. அருகருகே நிற்பவற்றின் மேல்விளிம்பு ஒரே உயரத்தில், ஏறத்தாழ 88 சென்டிமீட்டரில், வரும்படி பொருள்களை இடம் மாற்றினார். உயரம் குறைந்த ஒன்றுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்தார். எல்லா இழுப்பறைகளுக்கும் ஒரேவகைக் கைப்பிடிகள் பொருத்தப்பட்டன. ஏற்கெனவே வண்ணம் பூசியிருந்த, மரம் தெரியாத மூன்று பொருள்களுக்கு மட்டும் திரைச்சீலையின் சாம்பல்பச்சை நிறம் தரப்பட்டது. கண் ஒரே கோட்டில் ஓடத் தொடங்கியதும் மரங்களின் நிறவேறுபாடு உறுத்தவில்லை.

சாப்பாட்டு மேசைக்கு ஐந்து நாற்காலிகளும் ஐந்து விதம். மேசையின் உயரம் 74 சென்டிமீட்டர் என்பதால், இருக்கையின் உயரம் 44 முதல் 46க்குள் இருப்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தோம். இருக்கைக்கும் மேசைப்பரப்புக்கும் இடையே 25 முதல் 30 சென்டிமீட்டர் இருந்தால்தான் உட்கார்ந்து சாப்பிடவும் எழுதவும் வசதி. என் தாயாருடைய நாற்காலி மட்டும் விதிவிலக்கு. முழங்கால் வலியுள்ள அவருக்குக் கைப்பிடியும் சற்று உயர்ந்த இருக்கையும் தேவை. 48 சென்டிமீட்டர் இருக்கையுள்ள கைப்பிடி நாற்காலிக்காக ஐந்து மாதங்கள் காத்திருந்தோம். அது வந்த நாளிலிருந்து அவர் பிறர் கைகொடுக்காமல் மேசையிலிருந்து எழுகிறார். 31 பொருள்களில் எது மிகச் சிறந்தது என்று கேட்டால் தயக்கமின்றி இதையே சொல்வேன்.

சுவரில் மாட்டிய படங்களின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்குமாறு பார்த்துக்கொண்டோம். பழைய மேசைவிளக்கு ஒன்றின் கம்பியுறை வெடித்திருந்ததால், மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு கம்பியையும் செருகியையும் முழுவதும் மாற்றிய பின்பே இணைத்தோம். 2700 கெல்வின் நிறவெப்பமுள்ள எல்.இ.டி. விளக்கின் மஞ்சள் ஒளியில் மரநிறங்கள் மேலும் இணங்கிப் போகின்றன.

பெட்டிகளையும் கூடைகளையும் கடைசியில்தான் வாங்கினோம். எந்தத் தட்டில் எது என்று முடிவான பிறகே எத்தனை பெட்டி, எந்த அளவு என்பது தெரியும். மற்ற எல்லாவற்றிலும் விதவிதமாக இருப்பதை ஏற்றுக்கொண்ட நாங்கள், இதில் மட்டும் ஒரே அளவை வற்புறுத்தினோம். அளவு மாறினால் பெட்டிகளுக்கிடையே வீணாகும் இடைவெளி ஒரு தட்டின் கால்பங்கைத் தின்றுவிடும். மகனுடைய பெட்டிகளின் முகப்பில் உள்ளிருக்கும் பொம்மையின் படத்தை மகள் வரைந்து ஒட்டினாள். எழுத்துத் தெரியாத வயதிலும் அவன் எடுத்ததை அதே இடத்தில் வைப்பதற்கு அந்தப் படங்களே காரணம்.

கணக்கு

செலவான மொத்தத் தொகையை 100 பங்காகக் கொண்டால், பொருள்களின் விலையாகக் கொடுத்தது 46 பங்கு. ஏற்றிறக்கும் கூலி 17. பசை, உப்புத்தாள், பூச்சு, கைப்பிடி முதலிய பழுதுபார்க்கும் பொருள்கள் 14. நிலையாகக் கையில் இருக்கும் கருவிகள் 9. சுவர்ப்பிணைப்பு, மின்கம்பி போலப் புதிதாகவே வாங்க வேண்டியவை 8. படியேறாத அலமாரி உள்ளிட்ட தவறான கொள்முதல்களில் திரும்பி வராத இழப்பு 6. அதாவது, விற்பவர் சொன்ன விலை எங்கள் செலவில் பாதியைக்கூட எட்டவில்லை. ஒரு பொருளை மலிவு என்று நினைத்தபோதெல்லாம் நாங்கள் அந்த 46ஐ மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாம் மாதத்துக்குப் பின், கேட்ட விலையோடு அதே அளவு தொகையைக் கூட்டிப் பார்த்து, அப்போதும் தகுமென்றால் மட்டும் வாங்கினோம்.

இக்கணக்கில் சேராத ஒன்று உழைப்பு. தேடியது, சுமந்தது, பழுதுபார்த்தது எல்லாமாக நோட்டில் 118 மணிநேரம் பதிவாகியிருக்கிறது. வார இறுதி ஓய்வு இல்லாத குடும்பத்துக்கோ, சுமக்க உடல்நலம் இடம்தராதவர்களுக்கோ இந்த வழி மலிவானதாக இருக்காது. அவர்கள் பழுதில்லாத சில பொருள்களை மட்டும் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதே நியாயம்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சாப்பாட்டு மேசை பெரும்பாலான நாட்களில் வெறுமையாக இருந்தது. வாசற்கதவு முழுவதும் திறந்தது. துணி குவிந்திருந்த நாற்காலியில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். காகிதங்களுக்கு ஒதுக்கிய தட்டு மட்டும் மீண்டும் நிரம்பி வழிகிறது. அவற்றை வகைப்பிரிக்கும் பொறுப்பு யாருடையது என்று நாங்கள் தீர்மானிக்காமல் விட்டதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பட்டியலில் இன்னும் ஒரு வரி அடிக்கப்படாமல் இருக்கிறது: எங்கள் படுக்கையறையில் சன்னலுக்கும் சுவர்மூலைக்கும் இடையே 74 அகலம், 34 ஆழம், உயரம் 110க்குள். பொருந்துவதுபோல் இதுவரை நான்கைப் பார்த்தோம்; ஒன்று 2 சென்டிமீட்டர் அதிகம், இரண்டு உளுத்திருந்தன, ஒன்றின் கதவு சன்னல்பக்கமாகத் திறந்தது. செய்தித்தாள் இன்னும் அந்தத் தரையில்தான் ஒட்டியிருக்கிறது.